தனுஷ்கோடி அரைநாள் வேன் பயணம்: ஐம்பது வருடத்துக்கு இருபது நிமிடம்

முதலில் காசுக் கணக்கு. தலைக்கு 350 ரூபாய், மூன்று பேருக்கு 1,050. பேத்திக்கு ஒன்பது வயதுதானே, அரை டிக்கெட் கிடையாதா என்று கேட்டேன். "சீட்டுல உக்காந்தா முழு டிக்கெட்தாம்மா" என்றார் லாட்ஜ் மேசையில் இருந்த பையன். முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்து, எத்தனையோ தாய்மார்களிடம் பிள்ளைக்கு என்ன வயது என்று குடைந்து கேட்டவள் நான். அந்தப் பாவம் அன்றைக்குக் கழிந்தது என்று வைத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன்.

வாங்கியது ராமேஸ்வரத்திலிருந்து, 1964 புயலில் அழிந்துபோன துறைமுக ஊரான தனுஷ்கோடிக்கு "வழிகாட்டியுடன்" அரைநாள் வேன் பயணம். நடத்துபவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை. இதே மாதிரி அட்டை வேறு லாட்ஜுகளிலும் பார்த்தேன். ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயமில்லை. எங்களுக்குக் கிடைத்த அட்டையில், ரத்தம் சொட்டுகிற மாதிரி எழுத்தில் "பேய் நகரம்" என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் பேத்தி போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எங்கள் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது. அதனால் வேன்.

வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏசி வேலை செய்தது, சீட்டு உறை துவைத்திருந்தது. ஓட்டுநர் நிதானமானவர். நாங்கள் போனது ஆடி மாதம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று மணலை வாரி ரோட்டில் கொட்டிக்கொண்டே இருந்தது. மணல் திட்டு வந்த இடத்திலெல்லாம் வேகத்தைக் குறைத்து, சக்கரம் வழுக்காமல் கொண்டுபோனார். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவருக்கு மட்டும் தனியாக மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து.

இந்த ரோடே புதிது. 2017 ஜூலையில்தான் திறந்தார்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வரை ஐந்து கிலோமீட்டர், அதற்கப்புறம் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை நாலரை. அதற்கு முன்னால் ஒருமுறை, 1998-ல், ஆபீஸ் தோழிகளோடு வந்திருக்கிறேன். சத்திரத்தில் இறங்கி, மணலிலும் கடல் தண்ணீரிலும் ஓடுகிற ஒரு ஓட்டை வேனில் தலை கூரையில் இடிக்க இடிக்கப் போனோம். இடுப்பு ஒடிந்தது. ஆனால் அந்த வேன்காரர் இடிந்த கட்டிடங்களுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "பாத்துட்டு மெதுவா வாங்க" என்றார். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்த முறை எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. வாட்ச் பார்க்கிற பழக்கம் எனக்கு விடவில்லை, அதனால் துல்லியமாகச் சொல்கிறேன். கோதண்டராமர் கோயிலில் பதினைந்து நிமிடம். அரிச்சல்முனையில் நாற்பது. அழிந்துபோன ஊரில் இருபது. அட்டையில் போடாத ஒரு சங்குக் கடையில் முப்பத்திரண்டு. ஊரைப் பார்க்கத்தான் காசு கொடுத்தோம். ஊரைவிடச் சங்குக் கடைக்கு அதிக நேரம் கிடைத்தது. பேத்திக்கு ஒரு சிப்பி மாலை, 120 ரூபாய். பேரம் பேசாமல் வாங்கியதற்கு வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

அப்புறம் வழிகாட்டி. இருபத்தைந்து வயது இருக்கும், மரியாதையான பிள்ளை. மைக்கைப் பிடித்து அவர் சொன்னதன் சாரம் இது: புயல் ராத்திரியில் போட் மெயில் (கொழும்புக் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுபோகிற சென்னை ரயில்) ஆயிரக்கணக்கான பயணிகளோடு கடலுக்குள் போனது, இன்றைக்கும் ராத்திரியில் விசில் சத்தம் கேட்கிறது. வேனில் இருந்தவர்கள் "ஐயோ" என்றார்கள். பேத்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

ரயிலில் வேலை பார்த்தவளால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அன்றைக்குப் போனது போட் மெயில் அல்ல. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகிற சாதாரண பாசஞ்சர், 653-ஆம் எண் வண்டி, ஆறு பெட்டி. 1964 டிசம்பர் 22 ராத்திரி 11.55-க்குப் பாம்பனை விட்டது. தனுஷ்கோடிக்கு வெகு பக்கத்தில், சிக்னல் தெரியாத இருட்டில் நின்று பார்த்துவிட்டு ஓட்டுநர் மெல்ல நகர்த்தியபோது அலை வந்து மூடியது. பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர்கள் ஐந்து பேர் என்பது பதிவில் உள்ள கணக்கு. வெளியே செய்தி தெரியவே இரண்டு நாள் ஆனது.

அந்த 110 என்ற எண்ணைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அது கவுண்டர் கணக்கு. கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. பக்கத்து ஸ்டேஷனுக்குத்தானே என்று டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறவர்கள் எந்தப் பாசஞ்சரில்தான் இல்லை? ராத்திரி கடைசி வண்டியில் யார் பரிசோதிக்கப் போகிறார்கள்? அந்த ரயிலில் போனவர்களின் உண்மையான எண்ணிக்கை யாருடைய ரிஜிஸ்டரிலும் இருக்காது. மொத்தத்தில் அந்தப் புயலில் சுமார் 1,800 பேர் செத்துப்போனதாகச் சொல்கிறார்கள். இதற்கு மேல் விசில் சத்தம் எதற்கு?

மைக்கை வைத்தபிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பி, இங்க கப்பல் வந்துச்சே, அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலாமே?" அவர் கோபப்படவில்லை. "சொல்லிப் பாத்துட்டேம்மா. புயலைச் சொன்னாத்தான் கேக்குறாங்க. கப்பல், கஸ்டம்ஸ்னு ஆரம்பிச்சா போனை எடுத்துக்கிட்டு எறங்கிடுறாங்க." உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் இந்தச் சேவையில் எனக்கு உள்ள பெரிய மனக்குறையே இதுதான். ஐம்பது வருடம் வேலை செய்த ஒரு ஊரை, ஒரே ஒரு ராத்திரியாகச் சுருக்கி விற்கிறார்கள்.

அந்த ஐம்பது வருடத்தை எனக்குச் சொன்னவர் என் மாமனார். மானாமதுரையில் பார்சல் ஆபீஸில் இருந்தவர். எழும்பூர் கவுண்டரில் கொழும்புக்கு ஒரே டிக்கெட் கிடைக்கும் என்பார். கெட்டி அட்டை டிக்கெட். ரயிலில் தனுஷ்கோடி, அங்கே இறங்கிக் கப்பல், அக்கரையில் தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. நடுவில் இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டாம். முதலில் தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த போட் மெயில், 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் இந்தப் பக்கம் திரும்பியது. தலைமன்னார் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர்தான். தண்ணீரில் இருக்கிற நேரம் குறைவு, வாந்தி எடுக்கிற நேரமும் குறைவு. மாமனார் இந்த வரியைச் சொல்லாமல் கதையை முடிக்கமாட்டார்.

ஒன்றுமே இல்லாத மணலில் ஒரு ஊர் முளைத்தது இந்த டிக்கெட்டுக்காகத்தான். ஸ்டேஷன், துறைமுக அலுவலகம், கஸ்டம்ஸ், தபால் ஆபீஸ், ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சர்ச். கோவிந்தா போட்டுக்கொண்டு வருகிற யாத்திரைக்காரர்கள் ஒரு பக்கம், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலி ஜனம் ஒரு பக்கம். தோட்டத்துக்குப் போகிறவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். இந்திய மண்ணில் இன்னொரு நாட்டின் மருத்துவ வாசல்! இதைச் சொன்னால் கூட்டம் போனை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுமா என்ன?

ரயில்வேக்காரியாக இன்னொன்றும் சொல்லவேண்டும். அப்போது பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனதுதான் மெயின் லைன். ராமேஸ்வரம் வெறும் கிளை. கோயில் ஊருக்குப் போகிறவர்கள் கிளையில் போகவேண்டும், கப்பலுக்குப் போகிறவர்களுக்கு நேர் ரயில். புயலுக்கு அப்புறம் இது தலைகீழாகிவிட்டது. கிளை மெயின் ஆனது. மெயின் மணலுக்குள் போனது.

புயலே ஊரைக் கொன்றுவிட்டது என்று வழிகாட்டி சொன்னதில் பாதிதான் சரி என்று நான் நினைப்பது இதனால்தான். அதே புயல் பாம்பன் பாலத்தையும் அடித்து நொறுக்கியது. 126 கர்டர்கள், அதாவது பாலத்தின் இரும்பு உத்தரங்கள், கடலுக்குள் போய்விட்டன. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன், கடலில் கிடந்த கர்டர்களையே தூக்கியெடுத்து, 46 நாளில் பாலத்தைச் சரிசெய்து கொடுத்தார். பாலத்தின் அந்தப் பக்கம் ராமேஸ்வரம் இருந்தது, காத்துக்கொண்டு ஜனம் இருந்தது, அதனால் பாலம் எழுந்தது. தனுஷ்கோடி லைனை மட்டும் திரும்பப் போடவில்லை. குடியிருக்கத் தகுதி இல்லாத ஊர் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

போட்டிருக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மணலைப் பார்த்தால் யாருக்கும் துணிச்சல் வராது. ஆனால் கப்பல் சாகவில்லை, இடம்தான் மாறியது. பிற்பாடு ராமேஸ்வரத்திலிருந்தே தலைமன்னாருக்கு 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. அதில் வந்து இறங்கியவர்களின் கதை வேறு. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில் நாடு இல்லாமல் போன தோட்டத் தமிழர்கள் அவர்கள். புயலுக்கு இரண்டு மாதம் முன்னால், 1964 அக்டோபரில், இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் போட்ட ஒப்பந்தத்தின்படி அவர்களில் லட்சக்கணக்கானவர்களை இந்தியா ஏற்கவேண்டியிருந்தது. எந்த வழியில் பாட்டன் போனானோ அதே வழியில் பேரன் திரும்பினான். ஆனால் தனுஷ்கோடியைப் பார்க்காமல்.

சரி, சேவைக்கு வருகிறேன். இருபது நிமிடத்தில் என்ன பார்க்க முடிந்தது என்றால், சர்ச் சுவர் ஒன்றை உருப்படியாகப் பார்த்தேன். பேத்திதான் முதலில் கவனித்தாள். "அப்பத்தா, இந்தக் கல்லுல தேன்கூடு இருக்கு." சுண்ணாம்பு பெயர்ந்துபோன இடத்தில் கல்லைத் தொட்டுப் பார்த்தால் நுண்ணுநுண்ணாய்ப் பொத்தல். நட்சத்திர நட்சத்திரமாகச் சில, மூளை மடிப்பு மாதிரி சில. பவளப்பாறை. கடலில் வெட்டி எடுத்த கல்லை அடுக்கித்தான் கட்டியிருக்கிறார்கள். உப்புக்காற்று அதன் ஓரத்தை அரித்து, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்கிறது. எங்களுக்கு முன்னால் வந்த யாரோ ஒரு மகானுபாவன் அதே கல்லில் ஆணியால் இதயம் வரைந்து இரண்டு பெயர் கீறியிருந்தான். பேத்தி பெயரை வாசிக்கத் தொடங்கியபோது வேன் ஹாரன் அடித்தது.

மறுநாள் வீட்டுக்காரரை லாட்ஜில் விட்டுவிட்டு, நானும் பேத்தியும் டவுன் பஸ்ஸில் மறுபடி போனோம். அரசு பஸ், ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் போகிறது. வேனுக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட ஆகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் இடது பக்கம் பெண் கடல், வலது பக்கம் ஆண் கடல். பாக் நீரிணைப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் சீறும் என்பதால் அந்தப் பெயர். பழைய ஊரில் இறங்கினோம். கண்டக்டர், "அடுத்த வண்டி வரும்போது கையக் காட்டுங்க, நிறுத்துவாங்க" என்றார். மூன்று மணி நேரம் எங்களை யாரும் கூப்பிடவில்லை.

அந்த மூன்று மணி நேரத்தில்தான் ரயில்வே தண்ணீர்த் தொட்டி நின்ற கட்டுமானத்தைப் பார்த்தேன். வேனில் வந்தபோது அதை ஏதோ பழைய கிணறு என்று சொல்லிக் கடந்துபோனார்கள். நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டாமா? சுற்றிலும் கடல், இன்ஜினுக்கு உப்புத்தண்ணீர் ஆகாது. நல்ல தண்ணீர் எங்கே கிடைத்தது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

பதில் பக்கத்திலேயே இருந்தது. ஓலைக் குடிசைக்குப் பின்னால் ஒரு அம்மா மணலில் குழிக்குள் இறங்கிக் குந்தியிருந்தார். இடுப்பளவு ஆழம்தான் இருக்கும். அடியில் ஊறி நிற்கிற தண்ணீரைச் சிரட்டையால் கலங்காமல் அள்ளி, குடத்துவாயில் கட்டிய துணியில் ஊற்றினார். ஒரு சிரட்டை அள்ளினால், மறுபடி ஊறும்வரை கையை அசைக்காமல் காத்திருக்கவேண்டும். "குடிச்சுப் பாருங்க" என்று நீட்டினார். கடல் ஐம்பது அடியில் இருக்கிறது, தண்ணீர் கரிக்கவே இல்லை. பேத்தி நம்பாமல் இரண்டு தடவை குடித்தாள்.

"பேய் நகரம்னு போட்டிருக்கான், இவங்க யாரு அப்பத்தா?" என்று அவள் கேட்டது அந்த அம்மா காதில் விழுந்துவிட்டது. அவர் சிரித்தார். "நாங்கதாம்மா அந்தப் பேயி. பகல்ல மீன் வறுப்போம்." அப்புறம் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கடையைக் கைகாட்டினார்.

ஆகவே மீன் கடைக்கும் விமர்சனம் எழுதவேண்டியதாகிவிட்டது. பெயர்ப் பலகை இல்லை, ஓலைக்கூரை, இரண்டு பெஞ்சு, கூரைமேல் ஒரு சோலார் தகடு. மீனைத் தட்டில் வரிசையாக மசாலா தடவி வைத்திருப்பார்கள், நாம் கைகாட்டுவதை வறுத்துத் தருவார்கள். ஒரு நடுத்தர விளமீன் 200 ரூபாய். ராமேஸ்வரத்துச் சாப்பாட்டுக் கடைகளைப் பார்க்கையில் மலிவு என்று சொல்லமாட்டேன். ஆனால் கல்லில் போடும்போதே மேல்தோல் மொறுமொறுத்து, உள்ளே சதை பூப்போல விட்டது. மிளகாய் கொஞ்சம் தூக்கல். பிள்ளைகளுக்கு என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், காரம் குறைத்து வறுக்கிறார்கள். சோறு கேட்டால் அன்றைக்கு இல்லை என்றார்கள். காற்றுக்குத் தட்டில் மணல் விழத்தான் செய்யும், பல்லில் நறநறக்கும். அதற்கு மதிப்பெண் குறைப்பவர்கள் கடற்கரைக்கே வரக்கூடாது.

சாப்பிட்டுக்கொண்டே அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். கரையில் நின்று இழுக்கிற கரைவலைக்கு ஆட்கள் குறைந்துவிட்டார்களாம், ரோடு வந்தபிறகு கடைக்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்களாம். "வாடை அடிச்சா வடக்குக் கடல் சரியிருக்காது, கச்சான்னா தெக்குக் கடல். எந்தக் காத்துக்கும் ஒரு பக்கம் தொறந்திருக்கும்" என்றார். ராத்திரியில் பயமாக இருக்காதா என்று பேத்தி கேட்டதற்கு, "டிசம்பர் மாசம் மட்டும் ரேடியோவை அணைக்கமாட்டோம்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, மீனைத் திருப்பப் போய்விட்டார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மாலை ஆறு மணிக்குமேல் அங்கே இருக்க விடமாட்டார்கள். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாமதமாகக் கிளம்பினால் அரிச்சல்முனைத் தூணை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பவேண்டியிருக்கும். காலையிலேயே போங்கள். குடை எடுத்துப் பிரயோசனமில்லை, காற்று மடக்கிவிடும். தொப்பியோ தலைத்துண்டோ போதும். கடலில் இறங்காதீர்கள், தென்பக்கம் இழுப்பு மோசம். கல்லில் கீறாதீர்கள், அதைச் சொல்லவேண்டியிருப்பதே வெட்கம்.

முழங்கால் வலி உள்ளவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் வேனில் போகலாம். ஆனால் ஏறுவதற்கு முன்னாலேயே சங்குக் கடை வேண்டாம், அந்த அரைமணியைப் பழைய ஊருக்குக் கொடுங்கள் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை, ஏமாந்தேன். மற்றவர்கள் பஸ்ஸில் போங்கள். வேனுக்கு ஐந்துக்கு இரண்டரை. அதில் பெரும்பங்கு ஓட்டுநருக்கு. பஸ்ஸுக்கு நாலு. மீன் கடைக்கும் நாலு, சோறு இருந்திருந்தால் நாலரை.